பேச்சில் பிறந்த காவிய மொழி: இத்தாலியமும் நாமும்

உலக மொழிகளுள் இசைக்கென்றே பிறந்த மொழி எது என்று கேட்டால் பலரும் இத்தாலிய மொழியைத்தான் சுட்டுவர். அம்மொழியை ஒரு நாளும் கற்காத நாமும் அதன் சொற்கள் சிலவற்றை நாள்தோறும் வழங்கி வருகிறோம். கோயில் திருவிழா மேடையில் பாடும் இசைக்குழுவினர் 'டெம்போ' ஏற வேண்டும் என்பர். ஒருவர் தனித்துப் பாடினால் அதைச் 'சோலோ' என்பர். இளையராஜாவின் பாடலில் வரும் 'பியானோ' இசையை வியந்து பேசுவர். இம்மூன்றும் இத்தாலியச் சொற்களே. தெம்போ என்றால் காலம். சோலோ என்றால் தனியே. பியானோ என்றால் மெல்ல.

இத்தாலிக்கும் தமிழுக்கும் உள்ள உறவு இவ்வளவோடு நின்றுவிடவில்லை. தமிழுக்கு அகராதியும் காப்பியமும் தந்த வீரமாமுனிவர் இத்தாலியர். தமிழ் உரைநடையின் முன்னோடிகளுள் ஒருவரான தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நொபிலி இத்தாலியர். பாரதியார் இத்தாலிய விடுதலைச் சிந்தனையாளர் மாஜினியின் சபதத்தைத் தமிழ்க் கவிதையாக்கினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழாய்வை வளர்த்த தனிநாயக அடிகளார் ரோமாபுரியில் கல்வி பயின்றவர்.

எனினும், இத்தாலியத்தைப் பற்றி நாம் அறிய வேண்டியதற்கு இவற்றினும் நெருக்கமான ஒரு காரணம் உண்டு. எழுதும் மொழி ஒன்று, பேசும் மொழி ஒன்று என்ற சிக்கலை நாம் நாள்தோறும் எதிர்கொள்கிறோம். அதே சிக்கலை இத்தாலியர் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் விவாதித்தனர். அதில் அவர்கள் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. பாடாங் மேஹா, லூனாஸ், பீடோங் எனக் கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் வேர் விட்ட குடும்பங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்திருக்கும் நமக்கு அந்த வரலாறு சொல்வது என்ன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கிறது.

இத்தாலிய மொழி: ஓர் அறிமுகம்

இத்தாலியம் லத்தீன் மொழியின் மகள். பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துகீசியம், ருமேனியம் ஆகியவை அதன் உடன்பிறப்புகள். இத்தாலிய அரிச்சுவடியில் 21 எழுத்துகளே உள்ளன. எழுதியபடியே பெரும்பாலும் வாசிக்கலாம் என்பதால் தமிழ் மாணவருக்கு அது ஆங்கிலத்தைப் போல் தொல்லை தராது.

தமிழ் அறிந்தவருக்கு அதில் வேறு சில வசதிகளும் உண்டு. 'புளி' என்பதும் 'புள்ளி' என்பதும், 'கனி' என்பதும் 'கன்னி' என்பதும் நமக்கு வேறு வேறு சொற்கள். இத்தாலியத்திலும் அப்படியே. 'பாலா' என்றால் மண்வாரி. 'பல்லா' என்றால் பந்து. ஒற்று இரட்டிப்பதைக் காதால் பிரித்தறிய ஆங்கிலேயர் திணறுவர். நமக்கோ அது தாய்ப்பாலோடு வந்த பழக்கம்.

வினைச்சொல்லின் ஈற்றிலேயே செய்தவர் யார் என்பது தெரிந்துவிடுவதும் பொதுவான இயல்பு. நாம் 'பாடுகிறேன்' என்று சொன்னாலே போதும்; 'நான்' தேவையில்லை. இத்தாலியத்தில் 'கான்தோ' என்றால் பாடுகிறேன். 'கான்தி' என்றால் பாடுகிறாய். 'கான்தா' என்றால் பாடுகிறான் அல்லது பாடுகிறாள். மரியாதை வழக்கும் உண்டு. நண்பரை 'தூ' என்று ஒருமையில் அழைப்பர். பெரியவரை 'லேய்' என்று படர்க்கைச் சொல்லால் விளிப்பர். நீ, நீங்கள், தாங்கள் என்று அளந்து பேசும் நமக்கு இது புதிதன்று.

வேறுபாடும் உண்டு. நமக்கு உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாடு முதன்மையானது. இத்தாலியத்திலோ உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. சூரியன் ஆண்பால், நிலவு பெண்பால். பெரும்பாலான சொற்கள் உயிரெழுத்தில் முடிவதால் பாடுவதற்கு இழுத்து நிறுத்த வசதியாக அமைகின்றன. இசைக்கு ஏற்ற மொழி என்று அது பெயர் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ் மண்ணின் சொற்கள் சிலவும் இத்தாலியத்தில் குடியேறியுள்ளன. இத்தாலியர் மாம்பழத்தை 'மாங்கோ' என்கின்றனர். இருமரப் படகை 'கத்தமரானோ' என்கின்றனர். அது நம் கட்டுமரம். இஞ்சியைக் குறிக்கும் 'ட்சென்ட்செரோ' என்ற சொல் பிராகிருதம், கிரேக்கம், லத்தீன் வழியாகப் பயணம் செய்தது. அதன் மூலம் திராவிட மொழிகளின் 'இஞ்சிவேர்' என்பது மொழியியலாளர் கருத்து.

தாந்தே காட்டிய வழி

13ஆம் நூற்றாண்டில் இத்தாலி என்ற நாடு இல்லை. தனித்தனி நகர அரசுகள் இருந்தன. மக்கள் பேசியது ஊருக்கு ஊர் வேறுபட்டது. வெனிஸ்காரர் பேச்சு வேறு, சிசிலியர் பேச்சு வேறு, ஃபுளோரன்ஸ் நகரத்தார் பேச்சு வேறு. ஆனால் கல்வி, சட்டம், சமயம் ஆகிய அனைத்துக்கும் லத்தீன் ஒன்றே உரிய மொழியாகக் கருதப்பட்டது. பேச்சுமொழியில் பெரிய நூல் எழுத முடியும் என்று கற்றோர் பலர் நம்பவில்லை.

ஃபுளோரன்சில் 1265ஆம் ஆண்டு பிறந்த தாந்தே அலிகியேரி இந்த நம்பிக்கையை எதிர்த்தார். மக்கள் மொழியின் சிறப்பைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதத் தொடங்கினார். விதிகளைப் படித்துக் கற்கும் லத்தீனை விட, குழந்தை தன்னை வளர்ப்பவளிடம் கேட்டுக் கற்கும் பேச்சுமொழியே உயர்ந்தது என்பது அவர் வாதம். வேடிக்கை என்னவெனில், கற்றோரை ஏற்க வைக்க வேண்டியிருந்ததால் அந்த நூலை அவர் லத்தீனில்தான் எழுதினார்! எந்த ஒரு நகரத்தின் பேச்சையும், தம் சொந்த ஊரின் பேச்சைக்கூட, அப்படியே இலக்கிய மொழியாக ஏற்க அந்நூலில் அவர் இசையவில்லை. எல்லா ஊர்களுக்கும் பொதுவான ஒரு மேன்மையான மொழியைத் தேடினார்.

1302இல் அரசியல் பகையால் அவர் ஊரைவிட்டு விரட்டப்பட்டார். மீண்டும் ஃபுளோரன்சைக் காணாமலே 1321இல் இரவென்னா நகரில் மறைந்தார். அந்த நாடுகடந்த வாழ்வில் எழுதியதுதான் 'தெய்வீக இன்பியல்' என நாம் குறிக்கும் காப்பியம். நரகம், தூய்மைபெறும் மலை, விண்ணுலகம் என்று மூன்று பகுதிகள், 100 காண்டங்கள், 14,233 அடிகள். லத்தீனில் எழுதியிருந்தால் கற்ற சிலரே வாசித்திருப்பர். ஃபுளோரன்ஸ் நகரத்துப் பேச்சை அடிப்படையாகக் கொண்டு எழுதியதால் கடைவீதியில் இருந்தவரையும் அது எட்டியது. ஊரை இழந்தவர் ஊரின் மொழியைக் காவியமாக்கினார் என்பது நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி.

அவருக்குப் பின் பெத்ரார்க்கா (1304-1374) காதல் கவிதைகளாலும், பொக்காச்சோ (1313-1375) 'தெக்கமெரோன்' என்ற நூறு கதைகளின் தொகுப்பாலும் அம்மொழியை உறுதிப்படுத்தினர். 1348இல் பரவிய கொள்ளைநோய்க்கு அஞ்சி ஊரைவிட்டு ஒதுங்கிய பத்து இளையோர் பத்து நாள் சொல்லும் கதைகள் அவை.

பேச்சு மீண்டும் ஏட்டில் உறைந்தது

கதை இத்துடன் இனிதாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1525இல் பியெத்ரோ பெம்போ என்ற அறிஞர், செய்யுளுக்குப் பெத்ரார்க்காவையும் உரைநடைக்குப் பொக்காச்சோவையும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்று வகுத்தார். 1583இல் ஃபுளோரன்சில் 'குருஸ்கா' என்ற மொழிக்கழகம் தோன்றியது. குருஸ்கா என்றால் தவிடு. தவிட்டைச் சலித்து நல்ல மாவைப் பிரிப்பதுபோல் மொழியைச் சலிப்பதே அதன் நோக்கம். 1612இல் அக்கழகம் பேரகராதி ஒன்றை வெளியிட்டது. இன்றும் அது இயங்கி வருகிறது.

இவற்றால் மொழிக்கு ஒழுங்கு கிடைத்தது. அதே வேளையில், 14ஆம் நூற்றாண்டின் பேச்சு 16ஆம் நூற்றாண்டுக்கு இலக்கணமாக உறைந்துவிட்டது. பேச்சிலிருந்து பிறந்த மொழியே பேச்சிலிருந்து விலகி, படித்தவர் மட்டும் எழுதும் மொழியாயிற்று. எந்த லத்தீனை எதிர்த்துத் தாந்தே வாதிட்டாரோ அந்த லத்தீனின் இடத்தில் அவருடைய மொழியே அமர்ந்துகொண்டது.

இந்த இடைவெளியை உணர்ந்தவர்களுள் முக்கியமானவர் நாவலாசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி (1785-1873). மிலான் நகரத்தவரான அவர் 1827இல் 'மணம் பேசப்பட்டோர்' என்று பொருள்படும் பெயரில் ஒரு நாவல் வெளியிட்டார். பிறகு அதன் மொழி தமக்கே நிறைவளிக்கவில்லை. ஃபுளோரன்சுக்குச் சென்று அந்நகரத்தில் படித்தவர்கள் பேசும் வாழும் மொழியைக் கேட்டறிந்து, நாவல் முழுவதையும் திருத்தி எழுதி 1840-1842இல் மீண்டும் வெளியிட்டார். இத்தாலியப் பள்ளிகளில் பாடநூலாக நிலைத்துவிட்ட நாவல் அது.

1861இல் இத்தாலி ஒரே நாடாயிற்று. அப்போது நாட்டு மக்களுள் இத்தாலிய மொழியைக் கையாளத் தெரிந்தவர் சுமார் 2.5 விழுக்காட்டினரே என்று மொழியியலாளர் துல்லியோ தெ மவுரோ கணித்தார். வேறு அறிஞர்கள் அதை ஏறத்தாழ 10 விழுக்காடு வரை உயர்த்திக் காட்டினர். எந்தக் கணக்கைக் கொண்டாலும், நாட்டின் மொழியை நாட்டு மக்களில் பத்தில் ஒன்பது பேர் அறியவில்லை என்பது உண்மை. பள்ளிக்கூடமும், படைச்சேவையும், நகரத்துக்குக் குடிபெயர்ந்த தொழிலாளர் வாழ்வும், 1954இல் தொடங்கிய தொலைக்காட்சியும்தான் அம்மொழியை எல்லா வீடுகளுக்கும் கொண்டு சென்றன. 1960 முதல் 1968 வரை அல்பெர்த்தோ மன்சி என்ற ஆசிரியர் தொலைக்காட்சியில் முதியோருக்கு எழுத்தறிவித்தார். 'காலம் கடந்துவிடவில்லை' என்ற பொருளில் அமைந்தது நிகழ்ச்சியின் பெயர். கரும்பலகைக்குப் பதிலாகப் பெரிய தாளில் கரித்துண்டால் படம் வரைந்து அவர் பாடம் நடத்தினார்.

ஈட்டியது பெரிது. இழந்ததும் சிறிதன்று. வட்டாரப் பேச்சுகள் 'பட்டிக்காட்டுப் பேச்சு' என்று பள்ளிகளில் இகழப்பட்டன. பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்று பெற்றோரே அவற்றை வீட்டில் பேசாமல் விட்டனர். பின்னர் 1999இல் 12 சிறுபான்மை மொழிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. சார்தீனியமும் ஃபிரியுலியமும் அவற்றுள் அடங்கின. நாப்பொலியமும் சிசிலியமும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. உலகமே இத்தாலியப் பாட்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும் 'ஓ சோலே மியோ' (1898) உண்மையில் அந்த நாப்பொலி வட்டாரப் பேச்சில் எழுதப்பட்டது.

இரண்டு தமிழுக்கும் இலக்கணம் கண்ட இத்தாலியர்

இந்தப் பின்னணியில் வீரமாமுனிவரை நோக்கினால் அவர் பணி புதிய ஒளியில் தெரியும். கொன்ஸ்தான்ஸோ ஜோசப் பெஸ்கி என்ற அவர் 1680ஆம் ஆண்டு வட இத்தாலியில் மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். அக்காலத்தில் அப்பகுதி மக்கள் வீட்டில் பேசியது லொம்பார்திய வட்டாரப் பேச்சு. ஏட்டில் கற்றது இத்தாலியம். கோயிலிலும் உயர்கல்வியிலும் லத்தீன். 1710இல் கோவாவுக்கு வந்து அங்கிருந்து தமிழகம் புகுந்த அவருக்கு, பேச்சும் எழுத்தும் பிரிந்து நிற்கும் மொழி ஒன்றைக் கண்டு திகைப்பு ஏற்பட்டிருக்காது.

அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவில்லை. மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கு 1728இல் லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். செந்தமிழுக்குத் தனியே இன்னோர் இலக்கணம் எழுதினார். முதலாவது நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அச்சகத்தார் லுத்தரன் சபையினர். வீரமாமுனிவரோ அவர்களை எதிர்த்து நூல் எழுதியவர். சமயப் பகையையும் மீறி, பேச்சுத்தமிழ் இலக்கணத்தின் பயனை அவர்கள் உணர்ந்திருந்தனர். செந்தமிழ் இலக்கணம் பாபிங்டன் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 1822இல் சென்னையில் வெளிவந்தது.

இரண்டு மொழிநிலைகளிலும் அவர் படைத்தும் காட்டினார். 3,615 பாடல்களும் 36 படலங்களும் கொண்ட தேம்பாவணி செந்தமிழ்க் காப்பியம். பரமார்த்த குருவின் கதையோ எளிய நடையில் அமைந்த நகைச்சுவை. குருவும் சீடரும் ஆற்றைக் கடக்கத் திண்டாடிய கதையை நம்மில் பலர் ஆரம்பப் பள்ளியிலேயே கேட்டிருப்போம். 1732இல் முடித்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளில் சொற்களை அகர வரிசைப்படுத்தினார். நிகண்டுகளை மனப்பாடம் செய்தவர்க்கே சொற்பொருள் என்றிருந்த நிலை அதனால் தளர்ந்தது. எகர, ஒகரக் குறில் நெடில்களுக்குத் தெளிவான எழுத்து வேறுபாடு அமைத்ததும் அவர் பணியே. 'எரி' என்பதையும் 'ஏரி' என்பதையும் நாம் இன்று குழம்பாமல் எழுதுவதில் அவருடைய பங்கு உண்டு. 1747இல் கேரளத்து அம்பலக்காட்டில் அவர் மறைந்தார்.

அதே அம்பலக்காட்டில் 1679இல் அச்சான ஒரு நூலுக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. அந்தாவ் தெ புரொவென்சா என்ற போர்த்துகீசியத் துறவி தொகுத்த தமிழ்-போர்த்துகீசிய அகராதி அது. அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. 1934 முதல் 1939 வரை ரோமில் பயின்ற ஈழத்துத் தமிழறிஞர் தனிநாயக அடிகளார் 1950களில் அதனைக் கண்டெடுத்தார். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கிய அவர், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிய ஆண்டிலேயே அந்த அகராதியின் நிழற்படப் பதிப்பை நம் பல்கலைக்கழகத்தின் வழியே வெளியிட்டார். 17ஆம் நூற்றாண்டில் வழங்கிய தமிழ்ச் சொற்களை அறிய அது அரிய சான்று. ஐரோப்பிய மொழிகளைக் கற்றது அவர் தமிழைக் குறைக்கவில்லை. தமிழுக்குரிய ஒரு செல்வத்தை மீட்டுத் தந்தது.

இத்தாலியின் இசை மரபு

இசையில் இத்தாலியின் கொடை பெரிது. 11ஆம் நூற்றாண்டில் அரெத்சோ நகரத்துத் துறவி குய்தோ, பாடகர்கள் புதிய பாடலை விரைவில் கற்க ஒரு வழி கண்டார். புனித யோவான் மீதான ஒரு லத்தீன் துதிப்பாடலின் வரிகள் ஒவ்வொன்றும் ஒரு சுரம் ஏறித் தொடங்கும். அவ்வரிகளின் முதல் அசைகளையே அவர் சுரப் பெயர்களாக்கினார்: உத், ரே, மி, ஃபா, சோல், லா. பின்னர் உத் என்பது 'தோ' ஆயிற்று. ஏழாவதாக 'சி' சேர்ந்தது. நம் ச, ரி, க, ம, ப, த, நி என்பனவும் சட்சம், ரிடபம் முதலான பெயர்களின் முதலெழுத்துகளே. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று தமிழர் பெயரிட்ட ஏழிசையும் உண்டு. பாடுவோர் நினைவில் இருத்திக்கொள்ள வசதியாகச் சுருக்கும் உத்தியை இரு நாகரிகங்களும் தனித்தனியே கண்டன.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபுளோரன்ஸ் அறிஞர் சிலர், பழைய கிரேக்க நாடகங்கள் பாடி நடிக்கப்பட்டன என்று கருதி அதனை மீட்க முனைந்தனர். அம்முயற்சியில் பிறந்தது 'ஒப்பெரா' எனும் இசைநாடகம். 1607இல் மொண்டெவெர்டியின் 'ஓர்ஃபேயோ' மாந்துவாவில் அரங்கேறியது. வீரமாமுனிவர் பிறந்த வட்டாரத்தின் தலைநகர் அதுவே. 1637இல் வெனிஸ் நகரில் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கக்கூடிய முதல் ஒப்பெரா அரங்கு திறக்கப்பட்டது. அதுவரை அரண்மனைக்குரியதாக இருந்த கலை ஊருக்குரியதாயிற்று. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையும், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரமும், தோட்டத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த கூத்துகளும் நமக்கு இருக்க, பாட்டாலேயே கதை சொல்வது நமக்கு விளங்காத கலையன்று.

வயலின் வரலாறு இன்னும் நெருக்கமானது. 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் கிரெமோனா நகரில் அந்திரேயா அமாத்தி இன்றைய வயலினின் வடிவத்தை உருவாக்கினார். அதே நகரின் ஸ்திராடிவாரி (1644-1737) செய்த வயலின்கள் இன்றும் விலைமதிப்பற்றவை. ஐரோப்பியர் வழியாக அக்கருவி தமிழகம் வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் (1786-1858), தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதனைக் கருநாடக இசைக்குப் பழக்கினர். நின்று வாசிப்பதை அமர்ந்து வாசிப்பதாக மாற்றினர். கமகம் குழைவதற்கேற்ப விரல்களைப் பழக்கினர். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நம்மால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. பிறர் கருவியைத் தனதாக்கிக்கொள்ளும் ஆற்றல் உயிருள்ள மரபுக்கே உண்டு.

19ஆம் நூற்றாண்டில் வெர்டி (1813-1901) இத்தாலியரின் குரலாக ஒலித்தார். 1842இல் மிலானில் அரங்கேறிய அவருடைய 'நபுக்கோ' இசைநாடகத்தில், பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட எபிரேயர் தம் தாய்நாட்டை நினைந்து ஒரே குரலில் பாடும் சேர்ந்திசை உண்டு. அயலார் ஆட்சியில் இருந்த இத்தாலியர் அதைத் தம் பாட்டாகவே பிற்காலத்தில் போற்றினர். 1901இல் அவர் உடல் மிலான் நகர வீதியில் கொண்டு செல்லப்பட்டபோது அப்பாட்டே இசைக்கப்பட்டது. கடல் கடந்து வந்த முன்னோரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அந்த ஏக்கம் அயலானதன்று. 1990 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது பவரோத்தியின் குரலில் புச்சினியின் 'துராந்தோத்' பாடல் உலகெங்கும் பரவியது. ஒப்பெரா என்றால் என்னவென்று அறியாத காற்பந்து இரசிகர்களும் அதை முணுமுணுத்தனர். 2023இல் யுனெஸ்கோ இத்தாலிய ஒப்பெராப் பாடற்கலையை மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றது.

நெல்வயலில் பாடிய பெண்கள்

மேடை இசைக்கு வெளியே இன்னோர் இசை மரபும் இத்தாலியில் உண்டு. நாம் கூர்ந்து நோக்க வேண்டியது அதுவே. வட இத்தாலியின் வெர்ச்செல்லி, நொவாரா, பவியா பகுதிகள் நெல் விளையும் சமவெளிகள். கெடாவை நாம் நெற்களஞ்சியம் என்பதுபோல் இத்தாலிக்கு அவை நெற்களஞ்சியம். ஆண்டுதோறும் மே முதல் ஜூலை வரை பல ஊர்களிலிருந்து ஏழைப் பெண்கள் அங்கு ஒப்பந்தக் கூலிகளாக வருவர். முழங்கால் அளவு நீரில் வரிசையாகக் குனிந்து நின்று களை பறிப்பர். கொட்டகைகளில் வைக்கோல் மெத்தையில் உறங்குவர். 'மொந்தீனா' என்று அவர்களுக்குப் பெயர்.

வேலையின் களைப்பு தெரியாமலிருக்க அவர்கள் பாடினர். மேற்பார்வையாளரின் கெடுபிடி, குறைந்த கூலி, கொசுக்கடி, ஊரில் விட்டு வந்த பிள்ளை, காதலன் எல்லாம் அப்பாடல்களில் இடம்பெற்றன. எட்டு மணி நேர வேலைக்காக அவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போராடி வென்றபோது அப்பாடல்களே அவர்களின் முழக்கமாயின. 1949இல் வெளிவந்த 'கசப்பு அரிசி' என்ற திரைப்படம் அவர்கள் வாழ்வை உலகுக்குக் காட்டியது.

களைக்கொல்லி மருந்தும் இயந்திரமும் வந்தபின் அந்த வேலை மறைந்தது. வேலை மறைந்ததும் பாட்டும் மறைந்திருக்க வேண்டும். ஆனால் மறையவில்லை. 1954-55இல் அமெரிக்கரான ஆலன் லொமாக்சும் இத்தாலியரான தியேகோ கார்பித்தெல்லாவும் ஒலிப்பதிவுக் கருவியுடன் இத்தாலி முழுவதும் ஊர் ஊராகச் சென்று மீனவர், குடியானவர், சுரங்கத் தொழிலாளர் பாடல்களைப் பதிவு செய்தனர். அவர்களைத் தொடர்ந்து வேறு ஆய்வாளர்களும் இறங்கினர். முன்னாள் மொந்தீனாக்களே பாடற்குழுக்கள் அமைத்து மேடைகளில் பாடினர். பெத்ரார்க்காவின் கவிதையைப் போலவே களை பறித்தவளின் பாட்டும் இத்தாலியப் பண்பாட்டின் பகுதியாக இடம்பெற்றது.

நம் தோட்டத்து மொழியும் பாட்டும்

கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் நிரை பிடித்து மரம் சீவிய பெண்கள் பாடினர். தாலாட்டும், கும்மியும், ஒப்பாரியும், கங்காணியையும் கிராணியையும் கிண்டல் செய்யும் பாட்டும் அங்கு வழங்கின. அங்குப் பேசிய தமிழும் தனித்தன்மை வாய்ந்தது. பெரட்டு, மங்கு, காண்டா, ஒட்டுப்பால், லயம் ஆகிய சொற்களை எந்தத் தமிழக அகராதியிலும் நாம் அறிந்த பொருளில் எளிதில் காண முடியாது. காலை உணவு உண்பதைப் 'பசியாறுதல்' என்று சொல்லும் அழகும் அம்மொழிக்கே உரியது.

பால்மரம் செம்பனைக்கு இடம்விட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பலர் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். மங்கு துடைக்கும் வேலை போனதும் மங்கு என்ற சொல்லும் போகும். நிரை போனதும் நிரையில் பாடிய பாட்டும் போகும். முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் நாட்டுப்புறப் பாடல்களை நூலாக்கியது இதனை உணர்ந்தே ஆகும். ஆயினும் அச்சேறியதை விட ஏறாதது மிகுதி. அவற்றை நினைவில் வைத்திருக்கும் நம் பாட்டிமார் பலர் எண்பது வயதைக் கடந்துவிட்டனர்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். வட்டாரப் பேச்சைப் போற்றினால் செந்தமிழ் தளராதா? இத்தாலியரின் அனுபவம் இதற்கு விடை தருகிறது. பொதுமொழி இல்லாதிருந்தால் சிசிலியரும் மிலானியரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க மாட்டார்கள். ஆகவே பள்ளியில் கற்கும் பொதுத்தமிழ் நமக்கு இன்றியமையாதது. கோலாலம்பூரையும், யாழ்ப்பாணத்தையும், மதுரையையும் இணைப்பது அதுவே. ஆனால் பொதுமொழியைக் கற்பிக்க வீட்டுமொழியை இகழ வேண்டியதில்லை. அப்படி இகழ்ந்ததனால் தாங்கள் இழந்ததை இத்தாலியர் பின்னாளில் சட்டமியற்றியும் ஒலிப்பதிவு செய்தும் தேட வேண்டியதாயிற்று. வீரமாமுனிவர் இரண்டு தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் எழுதினார். ஒன்றை எழுதியதனால் மற்றொன்று கெட்டுவிடவில்லை.

இதைச் செய்யப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. லொமாக்ஸ் காலத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் கைப்பேசி உள்ளது. அடுத்த விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூத்தோர் ஒருவரின் இசைவு பெற்று, அவர் பாடும் ஒரு பாட்டையும் அவர் சொல்லும் இருபது தோட்டச் சொற்களையும் பதிவு செய்யட்டும். பாடியவர், தோட்டத்தின் பெயர், பதிவு செய்த நாள், பாட்டு எந்த வேலையின்போது பாடப்பட்டது என்ற நான்கு குறிப்புகளையும் உடன் எழுதட்டும். சொன்னபடியே எழுத வேண்டும். 'பிழை' என்று திருத்தக் கூடாது. பாடாங் மேஹாவிலிருந்து ஒரு பாட்டு, குரூணிலிருந்து ஒரு பாட்டு, கூலிமிலிருந்து ஒரு பாட்டு என்று சேர்ந்தால், சில ஆண்டுகளிலேயே நம் கையில் ஒரு தொகுப்பும் சிறு சொல்லகராதியும் இருக்கும். அன்றைய சதுரகராதியும் ஒற்றை மனிதரின் பொறுமையில் தொடங்கியதே.

இத்தாலிய மொழியைக் கற்க விரும்பும் தமிழ் மாணவர் தயங்காமல் கற்கலாம். தாந்தேயை அவர் மொழியிலேயே வாசிக்கும் நாள் இனிய நாளாக அமையும். அந்தக் கவிஞர் தம்மை வளர்த்தவரிடம் கேட்ட பேச்சிலிருந்துதான் காவியத்தைத் தொடங்கினார் என்பதை மட்டும் மறவாதிருப்போம். நம்மை வளர்த்தவர்களின் பேச்சும் பாட்டும் கெடாவில் இன்னும் சிலர் நாவில் உள்ளன. கேட்பதற்குக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை.